ஓவனில் ரிப்ஸ்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

செப்டம்பர் 24, ஹெரிட்டேஜ் டே. அன்று தென்னாப்பிரிக்கா முழுக்க பிராய் (திறந்தவெளியில் கறி சுடுவது) நெருப்பு எரியும். நம் வீடுகளில் பலவற்றில் அந்த நாள் புரட்டாசி விரதத்துக்குள் விழுந்துவிடுகிறது. விரதம் முடிந்து ஐப்பசியில் கறி வாங்கும்போது டர்பன் கரையோரம் மழை தொடங்கிவிடும், முற்றத்தில் நெருப்பு மூட்ட முடியாது. அப்போது எல்லோரும் ஓவனைத் திறக்கிறார்கள், ஓவனில் வைத்த ரிப்ஸ் (விலா எலும்புக் கறி) சரியாக வரவில்லை என்று எங்களுக்கு எழுதுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதிலைச் சற்று விரிவாகவே தருகிறோம்.

கேள்வி: அக்கா, இரண்டு முழு ரேக் (ஒட்டியபடி இருக்கும் விலா எலும்பு வரிசை) பன்றி ரிப்ஸ் வாங்கி, கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸை இரவே தடவி ஊறவைத்தேன். மறுநாள் 200 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்தேன். மேலே கரி, உள்ளே ரப்பர். எங்கே தப்பு செய்தேன்?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: கறி நன்றாகத்தான் வெந்திருக்கிறது அம்மா. ஆனால் வேகுவது வேறு, மெத்தென்று ஆவது வேறு. விலாப் பகுதி சதையில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய உண்டு. கறியின் உட்சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அது சுருங்கி, துணியைப் பிழிவதுபோல் சதையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். நீங்கள் கடித்த ரப்பர் அந்தக் கட்டம்தான். 70 டிகிரிக்கு மேல் போய், அங்கேயே நீண்ட நேரம் நின்றால் அதே கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அதுதான் நாம் தேடும் வழவழப்பு. உட்சூடு 90 முதல் 95 டிகிரி வரும்போது ரிப்ஸ் பதமாகிறது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. 200 டிகிரியில் வைத்தால் உள்ளே அந்தப் பதம் வருவதற்குள் வெளியே எரிந்துவிடும்.

கரிக்குக் காரணம் சாஸ். கடைச் சாஸில் சர்க்கரைதான் பெரும்பங்கு. ஒரு மணிநேரம் 200 டிகிரியில் நின்றால் சர்க்கரை கருகிக் கசக்காமல் என்ன செய்யும்? சாஸ் கடைசி இருபது நிமிடத்துக்கு உரியது. அதற்கு முன்னால் அது ஓவனுக்குள் போகக்கூடாது.

இனி செய்முறை. இரண்டு லாயின் ரிப்ஸ் (முதுகெலும்பை ஒட்டிய விலா) ரேக், மொத்தம் ஒன்றரைக் கிலோ அளவுக்கு:

முந்தின இரவே எலும்புப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய வெள்ளைச் சவ்வை உரித்துவிடுங்கள். ஓர் ஓரத்து எலும்பின்மேல், ஸ்பூனின் காம்பைச் சவ்வுக்கு அடியில் நுழைத்துத் தூக்குங்கள். தூக்கிய இடத்தைக் காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். வெறும் விரலில் வழுக்கும். இந்தச் சவ்வு எவ்வளவு நேரம் வைத்தாலும் தோல்போலத்தான் இருக்கும், மசாலாவையும் உள்ளே விடாது.

கறியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இதைக் கலந்து தேயுங்கள்: தூள் உப்பு 2 தட்டையான டீஸ்பூன் (ஏறக்குறைய 12 கிராம்), டர்பன் மசாலா (டர்பன் பாணிக் காரமான கறி மசாலாத் தூள்) 2 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், பழுப்புச் சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன். இந்தச் சர்க்கரை குறைந்த சூட்டில், மூடிய பொட்டலத்துக்குள் இருக்கப்போவதால் கருகாது. எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்க அந்த நேரம் வேண்டும்.

மறுநாள் ஓவனை 140 டிகிரிக்குச் சூடாக்குங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 120 போதும். தட்டில் இரண்டு அடுக்கு ஃபாயில், அதன்மேல் பேக்கிங் காகிதம், அதன்மேல் ரிப்ஸ், சதைப்பக்கம் மேலே. நான்கு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் ஓரமாக விடுங்கள், தேய்த்த மசாலாவைக் கழுவிவிடாமல். மேலே ஃபாயிலை மூடி விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து நசுக்குங்கள். எங்காவது ஆவி தப்பினால் இரண்டு மணிநேரத்தில் தண்ணீர் முழுக்க வற்றி, அடி தீய்ந்துவிடும்.

நடுத் தட்டில் இரண்டு மணிநேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். இடுக்கியால் ரேக்கின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் பிடித்துத் தூக்கினால், மீதி வளைந்து தொங்கி மேற்பரப்பில் விரிசல் விடவேண்டும். இரண்டு எலும்புக்கு நடுவில் பல்குச்சி தடையில்லாமல் இறங்கவேண்டும். எலும்பு நுனியில் சதை பின்வாங்கி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் எலும்பு தெரியும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், பதமாகாத ரிப்ஸிலும் தெரியும். பதம் வரவில்லையா, மூடி இன்னும் இருபது நிமிடம் வையுங்கள். ரேக்கைத் தூக்கும்போதே எலும்பு தனியாகக் கழன்று விழுந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். கறி நாராகப் பிரிந்துபோயிருக்கும்.

பொட்டலத்துச் சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள், கொட்டவேண்டாம். ரிப்ஸைத் திறந்தபடி பத்து நிமிடம் விட்டால் மேற்பரப்பு உலரும். ஈரத்தின்மேல் தடவினால் சாஸ் வழிந்து தட்டுக்குப் போகும். ஓவனை 210 டிகிரிக்கு ஏற்றி, மெல்லிசாக ஒரு பூச்சு, எட்டு நிமிடம். இன்னொரு பூச்சு, எட்டு நிமிடம். மூன்றாவது பூச்சு தடவி மேல் கிரிலை மட்டும் போட்டு இரண்டு அல்லது மூன்று நிமிடம், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டு. கொப்புளம் வந்து ஓரம் கறுக்கத் தொடங்கும்போது எடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் மேலே கருகி அடியில் கூழாக நிற்கும். மூன்று மெல்லிய பூச்சுதான் கண்ணாடிபோல் மின்னும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: அந்தச் சாஸை வீட்டிலேயே செய்ய அளவு சொல்லுங்கள். புளி சேர்க்கலாமா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: தாராளமாக. இரண்டு ரேக்குக்கு: டொமேட்டோ சாஸ் அரை கப், பழச் சட்னி (பீச் அல்லது ஆப்ரிகாட்) 3 டேபிள்ஸ்பூன், பழுப்புச் சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் 2 டேபிள்ஸ்பூன், வூஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், மசாலா 1 டீஸ்பூன், அரைத்த பூண்டு 1 டீஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பூண்டையும் மசாலாவையும் அரை நிமிடம் வதக்கிவிட்டு மீதியை ஊற்றி, சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை மசாலாவை நேரடியாகச் சாஸில் கலந்தால் ஓவனில் இருக்கும் இருபது நிமிடத்தில் அதன் பச்சை வாடை போகாது. வடித்து வைத்த சாற்றிலிருந்து கொழுப்பை நீக்கி கால் கப் சேர்த்தால் கடைச் சாஸ் பக்கத்தில் நிற்கமுடியாது. சாற்றில் ஏற்கனவே உப்பு இருப்பதால் சாஸில் தனியாக உப்பு போடாதீர்கள். ஸ்பூனின் பின்புறத்தில் ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும் பதம் போதும். அதற்கு மேல் கெட்டியானால் தடவும்போது தேய்த்த மசாலாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

மாமியார் மசாலா என்று விற்கிறார்களே, அந்தக் காரமான கலவையைப் போடுவதானால் அளவைப் பாதியாக்குங்கள். சாஸ் சுண்டச் சுண்ட காரமும் ஏறும்.

கேள்வி: ஃபாயிலில் சுற்றி வைத்தபோது ஃபாயிலில் பொட்டுப் பொட்டாக ஓட்டை, கறிமேல் சாம்பல் நிறத் திட்டு. ஃபாயில் மட்டமானதா?
(வாசகி, மெர்பேங்க்)

பதில்: ஃபாயில்மேல் குற்றமில்லை. புளி, தக்காளி, வினிகர் போன்ற புளிப்பும் உப்பும் சேர்ந்து சூட்டில் அலுமினியத்தை அரிக்கும். அதற்காகத்தான் மேலே நடுவில் பேக்கிங் காகிதம் வைக்கச் சொன்னோம். மேற்புறமும் ஒரு தாள் போட்டு மூடுங்கள். திட்டு பட்ட இடத்தைச் சீவிவிடுங்கள், உலோகச் சுவை வரும்.

கேள்வி: முதலில் அரைமணிநேரம் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஓவனில் வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று அத்தை சொல்கிறார். வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்தால் இன்னும் மெத்தென்று வருமாம். இரண்டையும் செய்தேன், மேலே மாவுமாதிரி, நடுவில் இன்னும் கெட்டி.
(வாசகர், டோங்காட்)

பதில்: அத்தை சொன்னதில் ஒரு பாதி சரி. நீரில் அடக்கமாக வேகவைத்தாலும் கொலாஜன் கரையும். ஆனால் அரைமணிநேரம் அதற்குப் போதாது. அந்த அரைமணியில் நடப்பது, ருசி தண்ணீருக்குப் போவது மட்டும்தான். அந்தத் தண்ணீரைச் சாறாகவோ ரசமாகவோ பயன்படுத்தினால் நஷ்டமில்லை. பலர் வடித்துக் கொட்டிவிடுகிறார்கள், கறியின் பாதி ருசி சாக்கடைக்குப் போகிறது. தளதளவென்று கொதித்தால் சதை வெளியே நாராகவும் பிரியும்.

வினிகர், தயிர், எலுமிச்சை எல்லாம் மேலே சில மில்லிமீட்டர்தான் வேலை செய்யும். அதுவும் இரவு முழுக்க என்றால் அந்த மேல்பாகம் மாவாகிவிடும். நீங்கள் கண்டது அதுதான். பச்சைப் பப்பாளி இன்னும் வேகமானது, அரைமணிக்கு மேல் போனால் மேற்புறம் பிசுபிசுவென்று ஆகும். நடுவிலிருக்கும் கெட்டித்தன்மையை இவை தொடுவதே இல்லை. புளிப்பு வேண்டுமானால் ஒரு மணிநேரம் ஊறவையுங்கள், ருசிக்காக. மெத்தென்று ஆக்கும் வேலையை ஓவனுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் ஏறாது. ஆட்டு விலா வாங்கிச் செய்தால் கொழுப்பு அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டுகிறது. பிள்ளைகள் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை.
(வாசகி, வெருலம்)

பதில்: நல்ல கேள்வி. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பன்றிக்கானவை, அதே முறையை ஆட்டு விலாவுக்குச் செய்தால் இப்படித்தான் வரும். ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேல் சென்றால்தான் நன்றாக உருகும். பன்றிக் கொழுப்பு அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். நம் வாயின் சூடு 37 டிகிரி. தட்டில் கொஞ்சம் ஆறிய ஆட்டுக் கொழுப்பு வாயில் உருகாமல் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆகவே ஆட்டு விலாவுக்கு வரிசையை மாற்றவேண்டும். வாங்கும்போதே மேல் கொழுப்பை மூன்று மில்லிமீட்டர் விட்டு மீதியைச் சீவித் தரச் சொல்லுங்கள். மிச்சமுள்ள கொழுப்பில் கத்தி நுனியால் சதுரம் சதுரமாகக் கீறுங்கள், சதையில் படாமல். முதலில் மூடாமல், கம்பித் தட்டின்மேல் கொழுப்புப் பக்கம் மேலாக வைத்து, அடியில் தட்டு வைத்து, 160 டிகிரியில் ஒரு மணிநேரம். கொழுப்பு உருகி அடித்தட்டில் சொட்டும். அதில் அரை கப் தண்ணீர் முன்கூட்டியே இருந்தால் புகையாது. பிறகு சொட்டிய கொழுப்பை வடித்துவிட்டு, மேலே சொன்னபடி பொட்டலமாகக் கட்டி 140 டிகிரியில் ஒன்றரை மணிநேரம். பிறகு மறுபடி திறந்து, சாஸ்.

ஆட்டுக்கு இனிப்புச் சாஸைவிடப் புளிப்புச் சாஸ் பொருந்தும். மேலே கொடுத்த அளவில் சர்க்கரையை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்து, புளியை மூன்றாக்குங்கள். நெருப்பில் வாட்டிய பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் அரைத்துக் கலந்தால் இன்னும் நல்லது. பரிமாறும் தட்டுகளை ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்கி எடுங்கள். பக்கத்தில் வினிகர் விட்ட கேரட் சம்பலும் பச்சை வெங்காயமும் கட்டாயம் இருக்கட்டும். சூடான தட்டு ஒன்றே பாதிக் குறையைத் தீர்த்துவிடும், செய்து பாருங்கள்.

கேள்வி: டர்பனில் அண்ணி வீட்டில் இரண்டு மணிநேரத்தில் பூப்போல வருகிறது. அதே கறி, அதே அளவு, எங்கள் வீட்டில் இரண்டே முக்கால் மணி ஆகிறது. ஓவன் கெட்டுவிட்டதா?
(வாசகி, லெனேசியா)

பதில்: ஓவன் நன்றாகவே இருக்கலாம். நீங்கள் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், டர்பனில் 100. ஃபாயில் பொட்டலத்துக்குள் ஈரமான ஆவி நிறைந்திருப்பதால், ஓவன் 140 காட்டினாலும் கறியைச் சுற்றியுள்ள சூடு அந்தக் கொதிநிலையை ஒட்டித்தான் நிற்கும். ஐந்தாறு டிகிரி குறைவு என்றால் கொலாஜன் கரையும் வேகமும் குறையும். அரைமணி முதல் முக்கால் மணி வரை கூடுதலாகக் கணக்கில் வையுங்கள். பருப்பு வேகவும் உங்கள் ஊரில் கூடுதல் நேரம் ஆகிறதல்லவா, அதே காரணம்தான். ஓவனை 180க்கு ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பொட்டலத்திலுள்ள நீர்தான் வேகமாக வற்றும். தண்ணீரை நான்கு டேபிள்ஸ்பூனிலிருந்து ஆறாக்குங்கள், மடிப்பை இறுக்குங்கள்.

என்றாலும் ஓவனின் அளவு சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் வாங்குவது சிறந்த வழி. அது இல்லாதவர்கள் சர்க்கரையை வைத்துப் பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரி சூட்டில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஃபாயில் கிண்ணத்தில் போட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175 என்று வைத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள், உருகக்கூடாது. உருகினால் உங்கள் ஓவன் காட்டுவதைவிடக் கூடுதலாகச் சுடுகிறது. 190இல் உருகவேண்டும். உருகாவிட்டால் குறைவாகச் சுடுகிறது.

கேள்வி: எங்கள் கேஸ் ஓவனில் டிகிரியே இல்லை, எண்தான்.
(வாசகர், ஸ்டேங்கர்)

பதில்: 1 என்பது 140, 2 என்பது 150. ரிப்ஸுக்கு 1. ஆட்டு விலாவின் முதல் மணிநேரத்துக்கு 3 வையுங்கள், அது 160க்குச் சற்றுக் கூடுதல்தான், பரவாயில்லை. சாஸ் கட்டத்துக்கு 6 அல்லது 7. கேஸ் ஓவனில் பின்பக்கம் கூடுதலாகச் சுடும், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: கறிக்கடையில் லாயின் ரிப்ஸ், ஸ்பேர் ரிப்ஸ், ராஷர் என்று மூன்று பெயர். எதை வாங்குவது? ஆளுக்கு எவ்வளவு?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: லாயின் ரிப்ஸ் முதுகெலும்பை ஒட்டியது. எலும்பு வளைந்து குட்டையாக இருக்கும், சதை இளசு, இரண்டு மணிநேரத்தில் பதமாகும். ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கம். எலும்பு நீளம், தட்டை, கொழுப்பும் கொலாஜனும் கூடுதல். இரண்டரை முதல் மூன்று மணிநேரம் பிடிக்கும், ஆனால் ருசி அதில்தான் அதிகம் என்பது எங்கள் கருத்து. ராஷர் என்பது வயிற்றுக் கறியை நீளத் துண்டாக வெட்டியது, பிராய் நெருப்புக்கு ஏற்றது, இந்த முறைக்கு வேண்டாம். எலும்பு மேலே துருத்திக்கொண்டு தெரியும் ரேக்கை எடுக்காதீர்கள், சதையைச் சீவி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஏற்கனவே சாஸில் ஊறவைத்து விற்பதையும் தவிர்ப்பது நல்லது. உப்பின் அளவு நம் கையில் இருக்காது, கருகும் சாஸ் முதலிலேயே ஒட்டியிருக்கும். வாங்கிவிட்டால் சாஸை வழித்தெடுத்துவிட்டு, மசாலா தேய்க்காமல் அப்படியே பொட்டலம் கட்டுங்கள்.

ரிப்ஸ் மட்டும்தான் விருந்து என்றால் பெரியவருக்குப் பச்சையாக 450 கிராம். சோறு, கறி, ரொட்டி எல்லாம் இருந்தால் 300 போதும்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு முப்பது பேர். வீட்டு ஓவன் ஒன்றுதான். சமாளிக்க முடியுமா?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: முடியும், ஆனால் அன்றைக்கே எல்லாம் என்று நினைக்கவேண்டாம். முப்பது பேருக்கு ஒன்பது கிலோ. சாதாரண ஓவனில் இரண்டு தட்டு, தட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் உள்ளது வேகாது. ஆக மூன்று சுற்று வரும். முந்தின நாளே மூன்று சுற்றையும் மென்மையாகும் கட்டம்வரை முடித்துவிடுங்கள். இரண்டு தட்டு ஒன்றாகப் போகும்போது அரைமணி கூடுதல், பாதியில் மேல்கீழ் மாற்றம்.

வெந்ததும் பொட்டலத்தைத் திறந்து ஆவியை விட்டு, சாற்றை வடித்து, இரண்டு மணிநேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விடவேண்டும். மேசைமேல் இரவு முழுக்க மூடிவைத்துவிடாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி நிற்கும் நேரம்தான் வயிற்றைக் கெடுக்கும். குளிர்ந்த ரேக்கை வெட்டுவது மிகச் சுலபம், எலும்பு எலும்பாக அழகாக வரும், சூட்டில் வெட்டினால் பிய்யும். விருந்தன்று வெட்டிய துண்டுகளைச் சிறிது சாற்றோடு மூடி 150 டிகிரியில் முப்பது, நாற்பது நிமிடம், உள்ளே ஆவி பறக்கும்வரை சூடாக்கி, பிறகு சாஸ் தடவி 210இல் ஒரு சுற்று. துண்டுகளாக இருப்பதால் இரண்டு பூச்சு போதும்.

கேள்வி: பாதியில் கரண்ட் போய்விட்டால்?
(வாசகர், இசிபிங்கோ)

பதில்: எப்போது போனது என்பதைப் பொறுத்தது தம்பி. ஒன்றரை மணிநேரத்துக்குப் பிறகு என்றால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள், இருக்கும் சூட்டிலேயே இன்னும் அரைமணி மெதுவாக வேகும். பிறகு பொட்டலத்தோடு எடுத்து இரண்டு தடித்த துவாலையில் சுற்றி, ஐஸ் போடாத கூலர் பெட்டிக்குள் வைத்து மூடினால் இரண்டு மணிநேரம் நல்ல சூட்டோடு இருக்கும். வந்ததும் தொட்டுப் பாருங்கள், கை சுடவேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 60க்குக் கீழே போயிருக்கக்கூடாது.

முதல் மணிநேரத்துக்குள் போய்விட்டால் காத்திருக்காதீர்கள். கறி அப்போது பாதி வெந்த நிலையில் வெதுவெதுப்பாக இருக்கும், அதுதான் ஆபத்தான கட்டம். இரண்டிரண்டு எலும்பாக வெட்டி, அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீரோடு கேஸ் அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் மூடி, மிகச் சிறுதீயில் ஒன்றேகால் மணிநேரம். 2008இல் இந்த நாட்டிலேயே உருவான வொண்டர்பேக் (பாத்திரத்தின் சூட்டைப் பிடித்து வைக்கும் தடித்த பை) வீட்டில் இருந்தால் இன்னும் வசதி: இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினால் மூன்று நான்கு மணிநேரத்தில் பதமாகிவிடும். பையில் வைக்கும்போது பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்கட்டும், காலிப் பாத்திரம் சூட்டைப் பிடித்து வைக்காது. எடுத்ததும் மறுபடி ஒரு கொதி. கரண்ட் வந்தபின் சாஸும் கிரிலும்.

கேள்வி: ஃபிளாட்டில் இருக்கிறோம், பிராய் போட இடமில்லை. புகை மணம் எப்படி வரும்?
(வாசகி, டர்பன்)

பதில்: மூன்று வழி. புகையூட்டிய பாப்ரிகா தூள் ஒரு டீஸ்பூன் மசாலாவில், அது எளிது. திரவப் புகை கிடைத்தால் ஒரு கப் சாஸுக்குக் கால் டீஸ்பூன், ஒரு சொட்டு கூடினாலும் மருந்துக்கடை வாடை வரும். எங்களுக்குப் பிடித்தது கங்கு. எலுமிச்சை அளவு கரித்துண்டை அடுப்பில் சிவக்க வைத்து, பொட்டலத்துக்குள் ரிப்ஸ் நடுவே ஒரு சிறு உலோகக் கிண்ணத்தில் வைத்து, அரை டீஸ்பூன் நெய் விட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம். சாஸ் கட்டத்துக்கு முன்னால் இதைச் செய்யவேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். மரத்தூளையோ கரியையோ ஓவனுக்குள் எரிக்க முயலாதீர்கள்.

கடையில் புகைபோட்ட கறியில் தெரியும் ரோஜா நிற வளையம் ஓவனில் வராது. அது புகையிலுள்ள வாயு சதையின் சிவப்போடு சேர்வதால் வரும் நிறம், அதற்கு ருசி எதுவும் இல்லை.

கேள்வி: மூன்று மணிநேரம் வெந்தும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: இளம் விலங்கின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம் அது. பல்குச்சி சோதனை தேறினால் பயமில்லாமல் சாப்பிடலாம்.

கேள்வி: வடித்து வைத்த சாற்றை என்ன செய்வது? ஃபிரிட்ஜில் வைத்தால் ஜெல்லிபோல் ஆகிவிட்டது, கெட்டுவிட்டதோ என்று தூக்கி எறிந்தேன்.
(வாசகி, டோங்காட்)

பதில்: ஐயோ, எறிந்திருக்கவேண்டாம் அம்மா. அந்த ஜெல்லிதான் கரைந்த கொலாஜன், ரிப்ஸ் சரியாக வந்ததற்கு அதுவே சாட்சி. மேலே படியும் வெள்ளைக் கொழுப்பை வழித்துவிட்டு, ஜெல்லியை மூன்று நாள் ஃபிரிட்ஜில், மூன்று மாதம் ஃபிரீசரில் வைக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டும்போது இரண்டு கட்டி எடுக்க வசதி. ஊறவைத்து வேகவைத்த சுகர் பீன்ஸ் இரண்டு கப், தாளித்த வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலையோடு சேர்ந்து கொதிக்கும்போது இந்த ஜெல்லியை அரை கப் போடுங்கள். மீந்த ரிப்ஸ் இருந்தால் சதையை உதிர்த்து, இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதே சட்டியில் சேருங்கள். ஜெல்லியில் உப்பும் மசாலாவும் ஏற்கனவே உண்டு, ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள். ரொட்டிக்கும் பொருந்தும், பாப்புக்கும் (மக்காச்சோளக் களி) பொருந்தும்.